மூன்று நாள் கட்டு

மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே யார்டில் தம்புசாமிக்கு விளக்கு வேலை. கைகாட்டி மரங்களில் ஏணிவழி ஏறுவார். கண்ணாடி துடைப்பார், திரி நறுக்குவார், மண்ணெண்ணெய் ஊற்றுவார். பொழுது சாய்வதற்குள் இருபத்திரண்டு விளக்குகளும் எரிய வேண்டும். பத்தொன்பது வருஷமாக எரிந்தன. அவருக்குக் காய்ச்சல் வந்த நாட்களிலும் எரிந்தன.

ஆள் அதிகம் பேசமாட்டார். யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார். மனைவி அஞ்சலை இருந்தவரை, அடுத்த வீட்டில் தீப்பெட்டி கேட்பதுகூட அவள் வேலைதான். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. ரயில்வே கோட்டர்ஸ் வரிசையின் கடைசி அறையில் தனியாக இருந்தார். ஒரு வேளை சமைத்து இரு வேளை சாப்பிட்டார்.

ரப்பர் விலை விழுந்திருந்த வருஷம் அது. கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த அப்துல் ஜலீல் கடையை ஒழித்துவிட்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற இருந்தார். ஒரு காலத்தில் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு கோட்டர்ஸுக்கு வந்தவர். அஞ்சலையின் சேலைகள் எல்லாம் அவரிடம் எடுத்தவை. சொல்லிக்கொண்டு போக வந்தவர், தம்புசாமி கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே புலம்பினார்.

"சாமான் கட்டியாச்சு. டிக்கெட் எடுத்தாச்சு. பூனைய ஒருத்தர்கிட்ட ஒப்படைக்காம கப்பல்ல கால் வைக்கமாட்டேன்னு நிக்கிறா வீட்ல. மூணு பேர் கேட்டு வந்தாங்க. மூணு பேரையும் விரட்டிட்டா."

"ஏன் பாய்?"

"பொட்டப் பூனைண்ணே. குட்டி போட்டா என்ன செய்வேன்னு கேக்குறா. வந்தவன் எல்லாம் ஆத்துல விடுவேன்னு நெசத்தச் சொல்லிப்புடுறான்."

தம்புசாமி தரையைப் பார்த்தபடி, "நான் வந்து பாக்கட்டுமா?" என்றார். கேட்டுவிட்டு அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்குகளை அணைத்துவிட்டுக் கிள்ளானுக்கு ரயிலேறினார்.

கடைக்கு உள்ளே அலமாரிகள் காலி. மரப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு முக்காலி போட்டு அவரை உட்காரவைத்தார் ஜலீல். ஜலீலின் மனைவி ஜெய்னம்பு திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு விசாரித்தாள்.

"சோறு வைப்பீங்களா?"

"வைப்பேம்மா."

"வெறும் சோறு திங்காது. நெத்திலி வேணும்."

"வாங்கிப்போடுறேன்."

"வருசத்துக்கு ரெண்டு ஈத்து போடும். ஒரு ஈத்துக்கு மூணு, நாலு. அதுங்கள என்ன செய்வீங்க?"

தம்புசாமி யோசித்தார். "அது பாட்டுக்கு இருக்கட்டும். எதுக்குன்னு கேக்க எங்க வீட்ல ஆள் இல்ல."

"உங்க கையால ஒன்னும் சாகக் கூடாது. வாயால சொல்லுங்க."

"சாகாதும்மா."

திரை விலகியது. ஜெய்னம்பு பூனையைக் கொண்டுவந்து அவர் மடியில் விட்டாள். வெள்ளைப் பூனை. முதுகில் சாம்பல் திட்டு. நாலு வயது. அவர் கையை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இந்தத் தடவ ஒன்னும் தங்கலண்ணே. வயிறு பெருசா இருந்துச்சு. பத்து நாளைக்கு முன்னால வத்திப்போச்சு. வீடு பூராத் தேடிட்டேன். கடுவன் தின்னிருக்கும்." அவள் பூனையின் தலையைத் தடவினாள். "அதான் மனசு சரியில்லாம இருக்கா."

வெளியிலிருந்து பூனை கொண்டுவருவதற்குக் கோட்டர்ஸில் ஒரு முறை உண்டு. சாக்கில் போட்டு வாயைக் கட்டிக் கொண்டுவர வேண்டும்; வழியைப் பார்த்துவிட்டால் திரும்பிப் போய்விடும். வீட்டுக்குள் வந்ததும் நாலு பாதத்திலும் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். மூன்று நாள் கட்டிப்போட வேண்டும். நாலாம் நாள் அவிழ்த்தால் அது அந்த வீட்டுப் பூனை. தம்புசாமி எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். கட்டில் காலில் கயிறு. பக்கத்தில் நெத்திலிச் சோறு.

பூனை சோற்றைத் தொடவில்லை. கயிறு எட்டுகிற தூரம்வரை போய்க் கதவைப் பார்த்துக் கத்தியது. குரல் கம்மியதும் சற்று நிறுத்தும். மறுபடி கத்தும். ராத்திரி முழுக்க அப்படியே.

அஞ்சலை இந்த அறைக்கு வந்த புதிதில் ஒரு மாதம் அழுதாள். அப்போது அவளிடம் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமலே இருந்துவிட்டார். இப்போது கட்டிலில் உட்கார்ந்து பூனையிடம், "பழகிரும்" என்றார். "பழகிரும், சும்மா இரு."

திங்கட்கிழமை மதியம், கோட்டர்ஸுக்குப் பின்னால் மூன்று மாடு வைத்திருந்த இராஜம்மா பால்செம்போடு வாசலில் வந்து நின்றாள்.

"என்னண்ணே, அஞ்சலையக்கா இருந்தப்பகூட இந்த வீட்ல இம்புட்டுச் சத்தம் கேட்டதில்ல. மாடெல்லாம் மெரளுது."

"புதுசு. ஊர நெனச்சுக் கத்துது. நாளைக்கழிச்சு அவுத்துருவேன்."

"யாரு சொன்னா ஊருன்னு?" இராஜம்மா உள்ளே வந்து செம்பைக் கீழே வைத்தாள். பூனையைப் பிடித்து மல்லாத்தினாள். வயிற்று மயிர் வட்டம் வட்டமாக நனைந்து ஒட்டியிருந்தது. விரல் வைத்ததும் பூனை வலியில் சீறியது. காம்பில் வெள்ளையாக ஒரு சொட்டு நின்றது.

"மடி கல்லாக் கட்டியிருக்கு. இது பால் குடுக்குற பூனை. குட்டி எங்கண்ணே?"

"குட்டி இல்லைன்னாங்க. கடுவன் தின்னுருச்சாம்."

"தின்னுருந்தா பத்து நாள்ல பால் வத்தியிருக்கும். எங்கயோ ஒளிச்சு வச்சு ஊட்டிக்கிட்டு இருந்திருக்கு. பூனை குட்டிய ஏழு எடம் மாத்தும், கேள்விப்பட்டதில்லயா? வெளக்குத் தொடைக்கிற மனுசனுக்கு வெளிச்சத்துல இருக்குறது தெரியல, பாரேன்." அவள் குரல் தணிந்தது. "நேத்து எத்தன மணிக்குக் கொண்டாந்தீங்க?"

"பதினோரு மணிக்கு எடுத்தேன்."

இராஜம்மா விரல் விட்டு எண்ணினாள். "இன்னும் உசுரு இருக்கலாம். ராத்திரி தாண்டினா இருக்காது."

கிள்ளானுக்கு அடுத்த ரயில் மூன்றே முக்காலுக்கு. அதில் போனால் விளக்கேற்றும் நேரத்துக்குத் திரும்ப முடியாது. அந்த மாதம்தான் யார்டில் இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். அடுத்த பட்டியல் தயாராகிறது என்று பேச்சு.

யார்டு ஆபீசில் கார்த்திகேசு இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கிறவர். தம்புசாமி அவர் மேசை முன்னால் போய் நின்றதே முதல் தடவை.

"என்ன, பூனைக்கோ லீவு?"

"குட்டிக்குங்க."

கார்த்திகேசு சிரித்தார். எதிரில் நிற்கிறவரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"உம்மட மனிசி செத்த அண்டைக்கும் நீர் வந்து விளக்கேத்தினனீர். வீட்டை போம் எண்டு நான் சொன்னனான். நீர் போகேல்லை."

"அன்னிக்கு நான் போயி ஆகப்போறது ஒன்னுமில்லீங்க."

கார்த்திகேசு பேனாவை எடுத்தார், வைத்தார். "பக்கிரிசாமியை ஏத்தச் சொல்லுறன். அவன் கண்ணாடி துடைக்கிற வடிவு எனக்குத் தெரியும். நாளைக்குக் காலமை எல்லாத்தையும் நீர்தான் திரும்பத் துடைக்கவேணும். போம், ரயில் போகப்போகுது."

இராஜம்மா மூங்கில் கூடை ஒன்று கொடுத்திருந்தாள். பூனையை அதற்குள் விட்டு மூடினார். ரயிலின் கடைசிப் பெட்டியான கார்டு வண்டியில் அதை முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நின்ற நேரம் அவருக்கு நீளமாக இருந்தது.

ஜெய்னம்பு கதவைத் திறந்தாள். கூடையைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது.

"வேணாமாண்ணே?"

அவர் சொன்னார். இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். ஜெய்னம்பு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தேடினேனே. பரண் மேலகூட ஏறிப் பாத்தேனே."

பூனையை அவிழ்த்துவிட்டால் குட்டிகளைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் பிறகு அது வருமா? வழி தெரிந்த ஊர், பழகிய தெரு. நாளைக் காலையில் இவர்கள் கப்பலுக்குப் போய்விடுவார்கள். பூனை எங்கேயாவது நின்றுவிடும். தம்புசாமிக்கு இது ரயிலிலேயே தெரிந்திருந்தது. குனிந்து கூடையைத் திறந்தார்.

பூனை யாரையும் பார்க்கவில்லை. கடை வாசல்களை ஒட்டி ஓடி, அடுத்திருந்த சீனர் கரிக்கடைக்குள் நுழைந்து மறைந்தது.

கரிக்கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். தம்புசாமி தனக்குத் தெரிந்த மலாயில் "அனாக் கூச்சிங்" என்று சொல்லி, குட்டியின் அளவை விரலால் காட்டினார். கடைக்காரர் தலையைச் சொறிந்துவிட்டு, பின்சுவரில் அடுக்கியிருந்த கரிமூட்டைகளைக் காட்டினார். "பெசோக் லோரி," என்றார். நாளைக்கு அவற்றை லோரியில் ஏற்றிவிடுவார்கள்.

மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். தம்புசாமி படுத்து ஊர்ந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது, பால் குடிக்கிற சத்தம். கண் பழகியதும் பூனையின் வெள்ளை தெரிந்தது. வயிற்றில் இரண்டு, கரித்தூளில் கறுத்துக் கிடந்தன. மூன்றாவதைப் பூனை முன்காலால் அணைத்து நக்கிக்கொண்டிருந்தது. நக்க நக்க அது ஆடியது, தானாக ஆடவில்லை.

அவரைப் பார்த்துப் பூனை உறுமியது. அவர் கையை நீட்டவில்லை. கன்னத்தைத் தரையில் வைத்தபடி அப்படியே கிடந்தார். இரண்டு குட்டிகளும் குடித்து முடித்துத் தூங்கும்வரை கிடந்தார். அதற்குள் பூனையும் மூன்றாவதை நக்குவதை விட்டுவிட்டது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் ஊர்ந்து வெளியே வந்தார்.

முகம், சட்டை, வேட்டி எல்லாம் கரி. உள்ளங்கையில் குட்டி.

"ஒன்னு போச்சும்மா. என் கையாலதான்."

ஜெய்னம்பு உள்ளே போனாள். கடையில் மிஞ்சிக் கிடந்த மல்லுத் துணியில் ஒரு முழம் கிழித்து வந்து குட்டியைச் சுற்றினாள். ஜலீல் அதை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். மண் தோண்டுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு இருக்கு," என்றார் தம்புசாமி. "எங்கிட்ட இன்னும் குடுப்பீங்களா?"

அவள் அவரைத் தாண்டிக்கொண்டு கரிக்கடைக்குள் போனாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து நுழைந்தாள். கடைக்காரர் "அய்யோ, அய்யோ" என்றார். அந்த வார்த்தை அவருக்கும் பழகியிருந்தது. உள்ளே அவள் பூனையிடம் ஏதோ சொல்வது கேட்டது. என்ன என்று புரியவில்லை.

வெளியே வந்தபோது இரண்டு குட்டிகளும் அவள் மடியில் இருந்தன. பூனை தலையைத் தூக்கிப் பார்த்துக் கத்திக்கொண்டே பின்னால் வந்தது. ஜெய்னம்பு குட்டிகளைக் கூடையில் விட்டாள். பூனை கூடையை ஒருமுறை சுற்றி வந்தது. தம்புசாமி நகரவில்லை. அது உள்ளே இறங்கி, இரண்டையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு படுத்தது.

ஜெய்னம்பு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கன்னமெல்லாம் கரியாயிற்று. மண்வெட்டியோடு கொல்லையிலிருந்து வந்து நின்ற கணவரைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஓடிப்போய் ஒரு ரிக்‌ஷா கூப்பிடுங்க. பிள்ள பெத்தவள ஸ்டேஷன் வரைக்கும் பொழுது சாயுற நேரத்துல தூக்கிட்டு நடப்பாரா அண்ணே?"