நாலு மூலையும் ஒரே சூடு

ராஜபாளையத்தில் சித்திரை மாதத்துப் பகலில் போர்வை கேட்ட ஒரே வீடு என் தங்கை வீடுதான். அந்த அறைக்குள் நுழைந்தால் எனக்குப் பல் கிட்டிக்கும். ஏசி நிற்காமல் ஓடும். ஜன்னலுக்கு இரட்டைத் திரை. வாசற்கதவின் அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி அடைத்திருக்கும். இத்தனையும் என் தங்கை புருஷன் கண்ணபிரான் செய்த ஏற்பாடு. அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நல்ல மனுஷன். நல்ல மனுஷனிடம் மாட்டிக்கொண்டால் யாரிடம் போய் முறையிடுவது? கெட்டவன் என்றால் நாலு பேரைக் கூட்டிக் கேட்டிருப்பேன்.

அவருக்கு நூல் மில்லில் வேலை. பஞ்சு நூலாகும் கூடத்தில் காற்று காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஈரம் கூடினால் உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். அதனால் ஈரக்காற்றைக் கூடம் முழுக்க அனுப்ப ஒரு பிளான்ட் வைத்திருக்கிறார்கள். அது அவர் பொறுப்பு. எந்த மூலையில் போய் நின்றாலும் சூடும் ஈரமும் ஒன்றுபோல் இருக்கவேண்டும். ஒரு மூலை மாறினாலும் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் ஃபேன் காற்று எல்லா இலைக்கும் போகிறதா என்று அண்ணாந்து பார்ப்பார். அதற்குள் சாம்பார் ஆறிவிடும்.

என் தங்கை சௌந்தரவல்லிக்கு வந்தது நரம்பு நோய். நரம்பின் மேலுறை தேய்கிற நோய் என்றார் மதுரை டாக்டர். உடம்பு சூடேறினால் அவளுக்குக் கால் ஓய்ந்துவிடும், கண் மங்கிவிடும். குளிர்ந்த இடத்தில் இருந்தால் கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிடுவாள். “சூட்டினால் நோய் முற்றிவிடாது, அந்த நேரத்துத் தளர்ச்சிதான். பார்த்து வெளியே போய்வரலாம்” என்றும் அந்த டாக்டர் சொன்னார். நானும் கூட இருந்து கேட்டேன். பிந்திச் சொன்னது மட்டும் கண்ணபிரான் காதில் ஏறவே இல்லை.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு வைகாசியில் காய்கறி வாங்கித் திரும்பும்போது வல்லி பஞ்சு மார்க்கெட் பக்கம் நடுரோட்டில் விழுந்துவிட்டாள். முன்பல் உடைந்து, சேலை விலகிக் கிடந்திருக்கிறாள். யாரோ போன் பண்ண, இவர் தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் மில்லிலிருந்து ஓடிவந்து தூக்கினார். அன்றைக்கு அந்த அறையில் கொண்டு வைத்ததுதான். அதன்பிறகு டாக்டர் வீடு தவிர அவளுக்கு வேறு ஊரும் இல்லை, தெருவும் இல்லை.

“ஏட்டி, நம்ம ஊர்க் கோயிலுக்காவது வாட்டி” என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும்போதெல்லாம் கூப்பிடுவேன்.

“அவிய பயப்படுதாவ அக்கா” என்பாள்.

அவரிடம் கேட்டால், “மதினி, வெளிய எம்புட்டு வெயில் அடிக்கி தெரியுமா?” என்பார். தான் பிடித்த முயலுக்கு மூணே கால். எனக்கு வரும் கோபத்துக்கு அந்த ஏசியை எடுத்துத் தெருவில் எறிந்திருப்பேன். அவள் முகத்துக்காக வாயை மூடிக்கொள்வேன்.

அவர்கள் மகன் ரங்கநாத் கனடாவுக்கு வேலைக்குப் போனபோது, தான் வளர்த்த பல்லியை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனான். நம் சுவர்ப் பல்லி இல்லை. லெப்பர்ட் கெக்கோ என்று வெளிநாட்டு ஜாதி. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, கொழுத்த வால், நம்மைப்போல் இமைகொட்டிப் பார்க்கும் கண். சுவரேறத் தெரியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் மெதுவாக நடந்துகொண்டிருக்கும்.

“பல்லி மேல விழுந்தா தலைக்கு ஊத்துறவங்க நாம. நீ என்னடான்னா உள்ளங்கையில வச்சுக் கொஞ்சுத!” என்று கேலி பண்ணினேன்.

“போக்கா. இது ஒண்ணுதான் நான் சொல்லுறத முழுசாக் கேக்குது” என்றாள். புள்ளி என்று பேரும் வைத்திருந்தாள். அவர் மில்லுக்குப் போனபிறகு அந்த வீட்டில் அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்?

ஆனால் அவளுக்கு ஆகிற குளிர் அதற்கு ஆகவில்லை. விழுங்கின புழுவை இரண்டாம் நாள் அப்படியே கக்கியது. ஒளிந்துகொள்ள வைத்த சட்டிக்குள் போய்ச் சுருண்டுவிட்டது. வால் நாளுக்கு நாள் மெலிந்தது. அந்த வாலில்தான் அதன் சேமிப்பெல்லாம் இருக்கிறதாம். வயிற்றுக்கு அடியில் சூடு இல்லாவிட்டால் இரை செரிக்காது, இப்படியே விட்டால் செத்துப்போகும் என்று ரங்கநாத் போனில் சொன்னான்.

“ஹால்ல கொண்டு வச்சிருவோம். அங்க வெக்கையாத்தான இருக்கு” என்றார் கண்ணபிரான்.

வல்லி பெட்டியின்மேல் கையை வைத்தாள். “அது வெளிய, நான் உள்ளயா? பொறவு நான் யார்கூடப் பேச?”

அவர் சாயங்காலமே ஒரு தெர்மாகோல் அட்டைக் கட்டோடு வந்து சேர்ந்தார்.

வேலை என்று இறங்கினால் அவரை மெச்சத்தான் வேண்டும். பெட்டியின் பின்புறமும் பக்கவாட்டிலும் தெர்மாகோல் ஒட்டி ஏசிக் குளிரைத் தடுத்தார். தரை முழுக்க அடியில், கரண்டில் சூடாகிற ஹீட் மேட் விரித்தார். மேலே வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தருகிற பீங்கான் பல்ப். சூடு ஏறினால் அணைந்து, இறங்கினால் எரிய தெர்மோஸ்டாட். சூடு ஓரிடத்தில் தங்காமல் சுற்றிவரக் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று. நாலு மூலையிலும் நாலு தெர்மாமீட்டர். “பாருங்க மதினி, நாலுலயும் முப்பத்திரெண்டு. இம்மிகூட வித்தியாசம் கெடையாது” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை அந்த வீட்டில் நான் பார்த்து வருஷமாகியிருந்தது.

புள்ளி புழு தின்றது. வல்லி சிரித்தாள். உடைந்த பல் தெரியும் என்று வாயை மூடிச் சிரிக்கிறவள், அன்று மூடவில்லை.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. தீனியை மறுபடி விட்டது. வாயைத் திறந்தபடி கிடந்தது. உரித்த தோல் விரல்களில் காய்ந்து ஒட்டிக்கொண்டு இறுக்கியது. விழித்திருக்கும் நேரமெல்லாம் கண்ணாடியைப் பிறாண்டியது. கண்ணபிரான் தெர்மாமீட்டரை மாற்றினார், வயரை மாற்றினார். மூலைக்கு மூலை அதே முப்பத்திரண்டு. “அம்புட்டும் சரியாத்தான இருக்கு, இதுக்கு என்ன வந்துச்சு?” என்று பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டார். வல்லி பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ரங்கநாத்தை வீடியோவில் கூப்பிட்டோம். பெட்டியைச் சுற்றிக் காட்டச் சொன்னான்.

“கூலிங் சைடு எதுப்பா?”

“அப்படி ஒண்ணு இல்லவே இல்லடா. எல்லாப் பக்கமும் ஒரே சூடு.”

“அப்பா, அதுக்கு வேர்க்காது. உடம்பச் சூடாக்கவும் தெரியாது, குளிர வைக்கவும் தெரியாது. சூடு வேணும்னா ஒரு பக்கம் போகும், போதும்னா மறுபக்கம் வந்துரும். அதுக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான். நீங்க போக எடமே விடலியே.”

கண்ணபிரான் போனை வல்லி கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். ஃபேனைக் கழற்றினார். பீங்கான் பல்பைக் கழற்றினார். ஹீட் மேட்டைச் சின்னதாக மாற்றி ஒரு ஓரத்துக்கு மட்டும் வைத்து, அதன்மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்து, தெர்மோஸ்டாட் கம்பியை அதற்குள் விட்டார். மறு ஓரத்தில் இன்னொரு சட்டி. குளிர் அப்படியே இறங்கிவிடாதிருக்கத் தெர்மாகோலை மட்டும் விட்டுவைத்தார். நடுவில் ஒரு தயிர் டப்பாவில் வாசல் வெட்டி, பேண்டேஜ் துணியை நனைத்து உள்ளே போட்டார், ஒட்டிய தோல் ஊறி வரட்டும் என்று.

அன்றைக்கே புள்ளி நடந்தது. குளிர்ந்த பக்கம் போய் வயிற்றைத் தரையில் பரப்பிக் கிடந்தது. பிறகு எழுந்து சூட்டுக்குப் போனது. வாரம் திரும்புவதற்குள் விரல்தோல் கழன்று, புழுவைப் பாய்ந்து பிடித்தது.

வல்லி நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனி முடிகிற சமயம், நானும் இருந்தபோது கேட்டாள்: “ஏங்க, ஆடிப்பூரத்துக்குத் தேர் பாக்க அக்கா வீட்டுக்குப் போவமா?”

“அந்த வெயில்லயா? வெளையாடுதியா வல்லி? விழுந்துட்டா?”

“விழுந்தா தூக்குங்க. அதுக்குத்தான நீங்க இருக்கிய.”

அவர் பெட்டியைப் பார்த்தார். புள்ளி நடுவில் நின்று எந்தப் பக்கம் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தது. “நான் யோசிச்சுச் சொல்லுதேன்” என்று எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே போய் நாலு கேள்வி கேட்க எழுந்தேன். வல்லி என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஆடிப்பூரத்துக்கு முந்தின நாளே வந்து நின்றார்கள். என் வீடு ரத வீதியில். உள்ளறை ஏசி ஓடுகிறதா என்று பார்த்தார். வாசலிலிருந்து உள்ளறை வரைக்கும் வழியில் கிடந்த வாளி, செருப்பு, ஸ்டூல் எல்லாவற்றையும் ஒதுக்கினார். மறுநாள் தேர் வரும் நேரத்துக்கு வாசலில் நிழல் விழும் இடம் பார்த்து நாற்காலி போட்டார். ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டை அவள் கழுத்தில் சுற்றினார். பிறகு சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

தேர் முக்கில் திரும்ப நேரமாயிற்று. துண்டு சூடாகிவிட்டது. வல்லியின் வலது கால் நடுங்கத் தொடங்கியது. “உள்ள வாட்டி” என்றேன். “இரு” என்றாள். கண்ணபிரானைப் பார்த்தேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துப் பிடித்திருந்தார். உதடு அசைந்தது, கூப்பிடவில்லை.

“கோவிந்தா” என்று தெருவே கத்த, தேர் வந்தது. வல்லி கைகூப்பினாள். அவள் பார்வை தேரில் இல்லை, கொஞ்சம் தள்ளி எங்கோ இருந்தது.

“தெரியுதாட்டி?”

“மங்கலாத்தான். பெருசா, செவப்பா ஒண்ணு போகுது.” அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. “வடம் இழுக்கிற ஆளுக வேர்வ வாடகூட வருதுக்கா. எம்புட்டு நாளாச்சு.”

தேர் தாண்டியபிறகு அவளாகவே எழுந்தாள். சுவரைப் பிடித்து நடந்தாள். நிலைப்படி தாண்டினதும் முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் பாய்ந்து வந்தவர், அவள் கை நீட்டித் தடுத்ததும் அப்படியே நின்றார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“இப்பத் தூக்குங்க” என்றாள்.

தூக்கிக்கொண்டு போய் உள்ளறைக் கட்டிலில் விட்டார். அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, என் முன்னால் என்றும் பார்க்காமல் குலுங்கி அழுதார். நான் தண்ணீர் எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தபோது வல்லிக்குக் கண் தெளிந்திருந்தது.

“செத்த நேரம் இருந்துட்டு மறுபடி வெளிய போறேன்” என்றாள்.

கண்ணபிரான் துண்டால் முகத்தைத் துடைத்தார். “சரி. நாற்காலி அங்கனயேதான் கெடக்கு.”