கல்குலேற்றருக்கு வைத்த சந்தனம்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், மறதியும் இருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முந்திய நவராத்திரி. நல்லூரில் என் வீட்டு முன்னறையில் கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி தங்கி, லண்டன் பாடத்திட்டத்துச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சோதனைக்குக் கல்குலேற்றர் கொண்டுபோகலாமாம். கனடாவில் இருந்து பெரியப்பா அனுப்பியது அவளிடம் இருந்தது. கணக்கை அடித்தால் திரையில் கோடு கீறிக் காட்டும். இன்னொரு பொத்தானை அமத்தினால் அதே கணக்கின் எண்களை அட்டவணையாகக் காட்டும். ஒருநாள் எனக்கும் காட்டினாள். கோடு ஏறி, வளைந்து, இறங்கி ஒரு மேடு போல நின்றது.

சரஸ்வதி பூசைக்கு இரண்டு புத்தகங்களை மட்டும் தந்துவிட்டுப் பிள்ளை வகுப்புக்குப் போய்விட்டாள். படிக்கிற சாமான்தானே என்று கல்குலேற்றரையும் கேளாமலே எடுத்துக் கும்பத்தடியில் வைத்துச் சந்தனம் பூசினேன். அது பொத்தான்களின் இடுக்கில் இறங்கியது. பயந்துபோய்ச் சேலைத் தலைப்பால் துடைத்து, அவள் வருமுன் மேசையில் வைத்துவிட்டேன். சொல்லவில்லை.

மறுநாள் பின்னேரம் அவள் அழுதுகொண்டிருந்தாள். விடிந்தால் சோதனை.

“கையாலை செய்தால் ஒரு விடை, இதிலை வேறை விடை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை ஆச்சி. நான் நாளைக்குப் போகேல்லை.”

எட்டிப் பார்த்தேன். அண்டைக்குக் காட்டின அதே கணக்குத்தான் என்றாள். ஆனால் கோடு பள்ளமாகக் கிடந்தது. வாசலில் நின்ற நான் உள்ளே போனேன்.

“பிள்ளை, அண்டைக்கு இது மேடாயெல்லோ இருந்தது. நான் நேற்று உதுக்குச் சந்தனம் வைச்சனான்.”

அவள் ஒவ்வொரு பொத்தானாக அமத்திப் பார்த்தாள். கழித்தல் குறி மட்டும் திரையில் விழவில்லை. பதற்றத்தில் அதை அவள் கவனித்திருக்கவில்லை. ஈர்க்கு நுனியில் பஞ்சு சுற்றி, காய்ந்த சந்தனத்தைக் கிண்டி எடுத்தோம்.

“சரஸ்வதிக்குக் கழிக்கிறது பிடிக்கேல்லைப் போலை,” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். பிறகு, “ஏன் ஆச்சி நேற்றே சொல்லேல்லை?” என்றாள். நான் ஈர்க்கையும் பஞ்சையும் கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தேன்.

கணக்கைத் திரும்ப அடித்தாள், கோடு மறுபடி மேடானது. அட்டவணையில் இருந்த எண்களும் அவள் கொப்பியில் எழுதியவையும் ஒன்றாகவே இருந்தன. காலையில் சோதனைக்குப் போனாள்.

அவள் கையால் செய்தது முழுக்கச் சரி. என் கூச்சத்தால் ஒரு பிள்ளை ஒரு பகல் முழுக்கத் தன் மூளையில் பிழை தேடிக்கொண்டிருந்தது, அதுதான் இன்னும் மனதில் கிடக்கிறது. கணக்கின் முன்னுக்கு நிற்கிற கழித்தல் குறி விழாவிட்டால் மேடு பள்ளமாகும் என்று அவள் சொன்னதாகத்தான் ஞாபகம். கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது சரிதானா என்று ஒருக்கால் பார்த்துவிடுங்கள்.