அட்ரோபின் எட்டாத இடம்

பெருமாளைக் கம்பளியில் போட்டு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய மூச்சு எனக்குக் கேட்டுவிட்டது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போன்ற சத்தம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் வைத்திய உதவியாளராக இருந்தேன். ஜனங்கள் ‘டொக்டர் ஐயா’ என்று கூப்பிடுவார்கள். நான் டொக்டர் இல்லை. காய்ச்சல், வயிற்றோட்டம், தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட காயம் ஆகியவற்றைப் பார்ப்பேன். அதற்கு மேல் போனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை இருட்டிக்கொண்டு வந்தது.

“கசிப்புச் சாராயத்த ஊத்திக்கிட்டான் போலங்க ஐயா” என்றார் தூக்கி வந்தவர்களில் ஒருவர்.

“வாய்க்கு வந்தத பேசாதீங்க!” என்று பெருமாளின் மனைவி லெட்சுமி சீறினாள். “காலையிலருந்து காய்கறித் தோட்டத்துல கோவா பாத்திக்குப் பூச்சி மருந்தடிச்சிக்கிட்டு இருந்தாருங்க ஐயா. வயித்தப் பெரட்டுதுன்னு வந்து உக்காந்தாரு. அப்புறம் வாயிலருந்து தண்ணியா ஊத்துது, நிக்கவே மாட்டேங்குது.”

பெருமாளுக்கு ஏற்கெனவே மூச்சு இழுப்பு உண்டு. அதனால் என் கை முதலில் இழுப்பு மருந்தைத்தான் எடுத்தது. எதற்கும் கண்ணைப் பார்க்கலாம் என்று இமையைத் தூக்கினேன். அந்த இருட்டில் கண்மணி விரிந்திருக்க வேண்டும். ஆனால் ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அவரைப் புரட்டினேன். சட்டையின் முதுகுப்பக்கம் நனைந்து, அழுகிய வெள்ளைப்பூண்டு மாதிரி நாறியது. முதுகில் மாட்டிய மருந்து டாங்கி ஒழுகியிருக்கிறது. மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று மனுசன் அப்படியே அடித்திருக்கிறார்.

பூச்சிமருந்து விஷத்தைப் பாடத்தில் படித்திருந்தேனே தவிர, நேரில் தனியாகப் பார்த்ததில்லை.

நம் நரம்புகள் அசிடைல்கோலின் என்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. அது சுரப்பிகளிலும் தசைகளிலும் உள்ள ரிசப்டர் என்ற இருக்கைகளில் போய் உட்கார்ந்து, ‘வேலை செய்’ என்று சொல்லும். சொன்ன மறுகணமே ஓர் என்ஸைம் வந்து அதை உடைத்துவிடும். பூச்சிமருந்து இந்த என்ஸைமைத்தான் முடக்குகிறது. அப்புறம் ‘வேலை செய்’ என்ற கட்டளை ஓய்வதே இல்லை. எச்சில், கண்ணீர், சளி எல்லாம் பெருகும். இதயம் மெதுவாகும். ஆள் தன் நுரையீரலில் ஊறும் நீரிலேயே மூழ்குவார்.

இதற்குக் கொடுக்கும் மாற்று மருந்தான அட்ரோபின் அந்த என்ஸைமைச் சரிசெய்யாது. ரிசப்டரில் தான் போய் உட்கார்ந்து, அசிடைல்கோலினுக்கு இடம் இல்லாமல் செய்யும். அங்கே எவ்வளவு அசிடைல்கோலின் முண்டுகிறதோ, அதற்கு ஏற்ற அளவு அட்ரோபினும் போட வேண்டும். இவ்வளவுதான் என்று கணக்கு இல்லை. என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

கையுறை போட்டுக்கொண்டு சட்டையைக் கிழித்தெடுத்தேன். சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். நரம்பில் அட்ரோபின் ஏற்றினேன். ஒன்றும் மாறவில்லை. இன்னும் ஏற்றினேன். மூச்சு அப்படியே கொதித்தது. அதற்கு மேல் போட என் கை வரவில்லை. ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்து டொக்டர்.

“எவ்வளவு போட்டனீங்கள்?”

சொன்னேன்.

“காணாது. நெஞ்சு காயுமட்டும் திருப்பித் திருப்பிப் போடுங்கோ.”

“ஹார்ட் தாறுமாறா ஓடுமேங்க டொக்டர்?”

“ஓடட்டும். ஓடுற ஹார்ட்டை நான் பாப்பன். நெஞ்சுக்குள்ள தண்ணி நிண்டா அந்தாள் என்னட்ட வந்து சேராது. கண்ணைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ, நெஞ்சைக் கேளுங்கோ. உடன வண்டியில ஏத்தி அனுப்புங்கோ.”

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிதான் கிடைத்தது. பின்னால் சாக்கு விரித்துப் பெருமாளைக் கிடத்தினோம். தலைமாட்டில் லெட்சுமி, பக்கத்தில் நான், மடியில் மருந்துப்பெட்டி. லொறிச் சத்தத்தில் ஸ்டெதஸ்கோப்பில் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் முத்தையாவை நிறுத்தச் சொன்னேன்.

“இப்படி நிப்பாட்டி நிப்பாட்டி போனா எப்பங்க ஐயா போய்ச் சேர்றது?”

“எஞ்சின ஆஃப் பண்ணு முத்தையா!”

நெஞ்சில் வைத்துக் கேட்பேன். கொதிப்பு இருக்கும். இன்னொரு ஊசி. லொறி கிளம்பும். அவருடைய நாடி இப்போது என் விரலுக்கடியில் ஓட்டமெடுத்தது. விஷம் கொல்கிறதா, நான் கொல்கிறேனா என்று ஒவ்வொரு ஊசிக்கும் பயந்தேன். லெட்சுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் மோசம்.

ஹட்டன் கண்ணுக்குத் தெரிந்த ஒரு வளைவில் மறுபடி நிறுத்தினோம். நெஞ்சில் வைத்தேன். கொதிப்பு இல்லை. காற்று மட்டும் போய் வந்தது. நாக்கைத் தொட்டேன், உலர்ந்திருந்தது. பெட்டியில் கடைசி சில ஊசிகளே கிடந்தன.

“என்னங்க ஐயா?” என்றாள் லெட்சுமி.

“நெஞ்சு காஞ்சிருச்சும்மா” என்றேன்.

வார்டில் அன்று பொழுது சாய்கிற வரைக்கும் பெருமாள் பிதற்றினார். படுத்தபடியே கவ்வாத்து வெட்டுவதுபோல் கையை வீசினார். புத்தி பேதலித்துவிட்டது என்று லெட்சுமி அழுதாள். அட்ரோபின் கூடினால் அப்படித்தான். அதைக் குறைத்ததும் தெளிந்துவிட்டார். முடங்கிய என்ஸைமை மீட்கும் மருந்தையும் கொடுத்திருந்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நான் தோட்டத்துக்குத் திரும்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனேன். பெருமாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். லெட்சுமி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு கை அவர் பிடரியைத் தாங்கியிருந்தது. அது ஏனோ எனக்கு உறுத்தியது.

“கைய எடும்மா. பெருமாள், தலையத் தூக்குங்க பாப்போம்.”

அவர் முயன்றார். நெற்றி நரம்பு புடைத்தது. தலை தலையணையை விட்டு எழும்பவில்லை.

“அசதிங்க… ஐயா” என்றார். இரண்டு சொல்லுக்கு இடையில் ஒரு மூச்சு வாங்கினார்.

நெஞ்சு காய்ந்துதான் இருந்தது. கண்மணியும் விரிந்திருந்தது. அட்ரோபின் செய்ய வேண்டிய வேலை ஒன்றுகூடப் பாக்கி இல்லை. லொறியில் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். கழுத்தையும் மூச்சையும் இயக்கும் தசைகளில் இருக்கும் ரிசப்டர் வேறு வகை. அட்ரோபின் அதில் உட்காராது. ஓயாத கட்டளையில் அந்தத் தசைகள் களைத்து ஓய்ந்துபோகின்றன. முதலில் கழுத்து, அடுத்தது மூச்சு.

டொக்டரிடம் ஓடினேன். அவர் வந்து, “ஒரே மூச்சில ஒண்டு ரெண்டு எண்ணுங்கோ” என்றார். பெருமாளால் மூன்றைத் தாண்ட முடியவில்லை. டொக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

உடனே மூச்சு மெஷின் இருக்கும் கண்டிக்கு அம்புலன்ஸில் ஏற்றினார்கள். கினிகத்தேனையைத் தாண்டுவதற்குள் நெஞ்சு எழும்புவது நின்றுபோனது. கூட வந்த நர்ஸும் நானும் மாறி மாறி அவர் வாயில் பொருத்திய காற்றுப் பையை அமுக்கினோம். பெருமாளுக்கு நினைவு இருந்தது. கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். மூச்சுவிட முடியாதவருடைய அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

உடம்பு புது என்ஸைமைச் செய்துகொள்ளும்வரை கண்டியில் மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. பல நாள் கழித்து மெலிந்துபோய் வீடு வந்தார். நடந்தே வந்தார்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு மருந்து வேலை செய்கிறது என்று நிம்மதியடையும்போதே, அது எந்த ரிசப்டரைத் தொடாது என்றும் யோசியுங்கள். அதற்குப் பிறகு நான் பார்த்த விஷக் கேஸ்களில் பலர், நாலாம் நாள் சிரித்துக்கொண்டே “எப்பங்க வீட்டுக்குப் போகலாம்?” என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் தலையைத் தூக்கச் சொல்வேன். தாடை நெஞ்சைத் தொடுகிற வரைக்கும் வீட்டுப் பேச்சை எடுக்க விட மாட்டேன்.