அண்ணாச்சியின் முப்பத்தாறு படங்கள்

ஃபிலிம் கழுவும் டேங்க்கைத் திறந்து ஃபிலிமை உருவினேன். கண்ணாடி போலிருந்தது. முப்பத்தாறு படத்தில் ஒன்றுகூட இல்லை. அது என் ஃபிலிமும் இல்லை.

தென்காசியில் முப்பத்தெட்டு வருடம் ஸ்டுடியோ நடத்தினேன். கல்யாணமும் பாஸ்போர்ட்டும் பிழைப்புக்கு; மனமெல்லாம் மலையில்தான். குற்றால மலையைக் கறுப்பு வெள்ளையில் என்னைவிட நன்றாக எடுத்தவர் இந்தப் பக்கம் ஒருவர்தான். கீழப்பாவூர் பிச்சையா அண்ணாச்சி, பள்ளியில் டிராயிங் மாஸ்டர். அவர் கேமராவைக் கீழே வைத்ததற்குக் காரணம் நான். இப்போது டிஜிட்டலை விட்டு ஃபிலிமுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் நுணுக்கம் கேட்கிறார்கள். நுணுக்கத்தோடு இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

பல வருடம் முன்னால் ஒரு சாரல் சீசனில் அண்ணாச்சி ஆறு நாள் சாயங்காலம் இலஞ்சிக் குளக்கரையில் டிரைபாடை நட்டுக்கொண்டு நின்றார். மேகம் மலையை விட்டு நகரவில்லை. ஆறாம் நாள் நனைந்த சட்டையோடு நேரே என் கடைக்கு வந்தார்.

"கெடச்சிட்டு வே! பத்தே நிமிசம். மேகம் அப்படியே தூக்கிட்டு. ரோல் பூரா அடிச்சிட்டேன்."

"ஆறு நாளா கொக்கு மாதிரி நின்னியளே, மீனு மாட்டிட்டா?"

"மாட்டிட்டுலா! நாளைக்கு ஸ்கூல் இருக்கு. நீரே கழுவி வையும். உம்ம கைய நம்பித்தான் குடுக்கேன்."

படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பரின் சூடு குறைய, ஐஸ் போட்ட வாளியில் பாட்டில்களை வைப்பது என் வழக்கம். டெவலப்பர், அதற்குப் பிறகு படத்தை நிலைநிறுத்த ஊற்றும் ஹைப்போ, இரண்டும் ஒரே மாதிரி பழுப்பு பாட்டில்கள். தண்ணீரில் ஊறி லேபிள்கள் உரிந்துவிட்டன. மோந்து பார்த்தால் தெரிந்திருக்கும். ஹைப்போவில் புளித்த வாடை வரும். இருபது வருடப் பழக்கத்தில் கைக்கே தெரியும் என்று நினைத்தேன். டெவலப்பருக்கு முன்னால் ஹைப்போவை ஊற்றிவிட்டேன். அப்படி முந்தினால் அது படத்தை மட்டுமல்ல, கம்பெனியில் ஃபிலிம் ஓரத்தில் பதித்து அனுப்பும் எண்களையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கேமராவில் ஃபிலிம் ஓடாமல் போனால் படம் இருக்காது, ஆனால் ஓரத்து எண்கள் தெரியும். எண்ணும் இல்லையென்றால் தப்பு கழுவியவனுடையது. இது அண்ணாச்சிக்கும் தெரியும்.

ஒரு புது ரோலை எடுத்தேன். வெளிச்சம் காட்டாமல் முறையாகக் கழுவிக் காயப் போட்டேன். மறுநாள் அதை அவருடைய ரோல் என்று அவர் கையில் கொடுத்தேன்.

அண்ணாச்சி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "நம்பர் எல்லாம் இருக்கே. அப்போ ஃபிலிம் ஓடவே இல்லையா?"

"ஸ்பூல்ல சரியா மாட்டல போலுக்கு."

"நாந்தான வே மாட்டுனேன். ரீவைண்ட் குமிழு சுத்துச்சே. ஃபிலிம் ஓடுனாத்தான அது சுத்தும்! பாத்தேனே!"

"அவசரத்துல சுத்துன மாதிரி தெரிஞ்சிருக்கும் அண்ணாச்சி."

அவர் தன் விரல்களைப் பார்த்தார். "கண்ணும் போச்சு, கையும் போச்சு" என்றார். அதன்பின் அவர் ஒரு படமும் எடுக்கவில்லை. நான் இருபது கண்காட்சிகளுக்கு மேல் மலைப்படம் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் வந்து பாராட்டினார்.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"படம் எப்படி வந்திருக்கும் வே?"

நன்றாக வந்திருக்கும் என்று வாய் வரை வந்தது. இன்னொரு பொய் வேண்டாம்.

"தெரியாது அண்ணாச்சி. யாருமே பாக்க முடியாம ஆக்கிட்டேன்."

"படம் போனா போவுது. கண்ணு போச்சுன்னுல்லா இருந்துட்டேன்! இப்ப நெசமாவே ஒரு கண்ணுல பொரை. இப்ப வந்து சொல்லுதீரு." வாசல் பக்கம் கையைக் காட்டினார். "போயிட்டு வாரும்."

ரசாயனத்தில் தவறாத கை கிடையாது. தவறினால் கெட்டுப்போன அதே ஃபிலிமை அன்றே உரியவரிடம் கொடுத்து, நான்தான் கெடுத்தேன் என்று சொல்லுங்கள். திட்டுவார், திட்டிவிட்டு மறுநாள் மறுபடியும் கரையில் போய் நிற்பார். தன் கண்ணை நம்பாமல் போனவர் எந்தக் கரைக்கும் போக மாட்டார்.