நீலம் பாய்ந்த உளி

மலேயாவில் லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தபோது, தோட்டத்துத் தச்சர் மூவார் பட்டணத்துக்குப் போய் ஓர் உளி வாங்கி வந்தார். கடையிலிருந்த உளிகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டி ஓசை கேட்டு, முதுகு சமமாக இருக்கிறதா என்று கண்ணருகே பிடித்துப் பார்த்து எடுத்தது. சுற்றுத் தோட்டத்துத் தச்சர்களும் உளி வாங்க அவரைத்தான் அழைத்துப் போவார்கள்.

அவர் இல்லாத நேரத்தில் அந்த உளியால் ஒரு மரப்பெட்டியை நெம்பித் திறந்தேன். முனை உடைந்துவிட்டது. அதை மறைக்க, ஆலையின் சாணைச் சக்கரத்தில் தண்ணீர் விடாமல் அவசரமாகத் தீட்டினேன். சூடேறி விளிம்பில் நீலம் பாய்ந்தது. அப்படியானால் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். அது எனக்குத் தெரியும். நீலத்தைக் கல்லில் தேய்த்துப் போக்கி, உளியை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் தச்சர் கதவு நிலைக்குத் துளை போடும்போது விளிம்பு மடங்கிப்போனது.

“என்ன ஆசாரியாரே, உளி வாங்குனீங்களா, வெண்ணெய் வெட்டுற கத்தி வாங்குனீங்களா?” என்று பக்கத்தில் நின்ற ஆள் சிரித்தார்.

“கடையில திருப்பிக் கொடுத்துடுங்க,” என்றேன் நான், ஒன்றும் அறியாதவன்போல.

“கடைக்காரர் என்ன பண்ணுவாரு கிராணி ஐயா? பொறுக்கி எடுத்தது நாந்தானே. என் கண்ணும் காதும் போச்சு போல.”

அடுத்த வாரம் பக்கத்து ஊரான பாலோவிலிருந்து ஒரு தச்சர், உளி வாங்க அவரை அழைத்துப்போக வந்தார்.

“இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. வேற ஆளப் பாருங்க,” என்று எங்கள் தச்சர் அவரை அனுப்பிவிட்டார்.

நான் அலுவலக வாசலில்தான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வந்தவர் ரயிலடிப் பக்கம் திரும்பி மறையும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.