முன்வரிசை மொட்டைகள்

மூன்று முறை ஊதியாயிற்று; இனி நான்கு முறை துடைக்க வேண்டும். பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து தூரிகையை எடுக்கிறார். கண்ணாடி மூடி கழற்றிய இழுப்பறைக்குள், குண்டூசி குத்திய வண்டுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. முன்வரிசையில் இருக்கும் ஏழும் அவருடைய செல்லங்கள். தொந்தி மேசையில் இடிப்பதால் அதற்கு மேல் கை எட்டாது. பின்வரிசைகளுக்குத் தூசியே கதி. காலையில் ஒரு வேளை, சாப்பாட்டுக்குப் பின் ஒரு வேளை என்று இருபத்தாறு ஆண்டுகளாக இந்தப் பணிவிடை தவறியதில்லை.

வண்டுகளை இனம் பிரிப்பது அவர் தொழில். அருங்காட்சியகத்தில் அவருக்குக் 'கூறு' என்று பட்டப்பெயர். சந்தையில் வெங்காயத்தைக் கூறு கட்டுகிறவள்கூட அளவு பார்த்துத்தான் கட்டுவாள். இவருக்கு அந்தத் தயக்கமும் கிடையாது. கால் கொஞ்சம் நீளமா? தனி இனம். கொம்பு கொஞ்சம் கோணலா? அதுவும் தனி. "ஒளிஞ்சிருக்கிற உயிரைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணு வேணும்யா. படிச்சா வராது" என்பார். அந்தக் கண்ணுக்கு இரண்டு மூக்குக்கண்ணாடிகள் தேவைப்படுகின்றன என்பது வேறு விஷயம். மைத்துனர்கள் இருவரின் காதுமடலையும் உற்றுப் பார்த்து, "இவனும் அவனும் ஒரு வயித்துப் பிள்ளைங்களா இருக்க முடியாது" என்று தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து மாமியார் வீட்டுக் கதவு அவருக்குத் திறந்ததில்லை.

கண்டுபிடித்த உயிருக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் அநாகரிகம். ஆகவே உலகத்து வண்டுக்காரர்கள் பெயரையெல்லாம் தன் வண்டுகளுக்குச் சூட்டிவிட்டு, பதில் மரியாதைக்காகக் காத்திருந்தார். ஒரே ஒருவர் நன்றி மறவாமல், பெருச்சாளியின் பேன் ஒன்றுக்கு இவர் பெயரை வைத்தார். அந்தக் கடிதம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது.

இதுவரை தொண்ணூற்றொன்பது இனங்கள். மாதக் கடைசியில் ஓய்வு. நூறாவதாக, முதுகில் முடியே இல்லாத புது வண்டு ஒன்று கட்டுரையாகிப் பத்திரிகைக்குப் போயிருக்கிறது. "தொண்ணூத்தொம்போதோட வீட்டுக்குப் போனா, வாசப்படி வரைக்கும் வந்து தடுக்கி விழுந்த மாதிரி" என்று மனைவியிடம் புலம்புகிறார். "விழுந்தா எழுந்து உள்ள வாங்க" என்கிறாள் அந்த அம்மாள்.

இழுப்பறைச் சாவிகளை வைத்திருக்கும் பெண்மணிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"சார், முன்வரிசை மட்டுந்தான் மொட்டை. பின்னாடி இருக்கிறதெல்லாம் கம்பளி போத்தின மாதிரி முடியோட இருக்கு."

"அதனாலதாம்மா அது வேற இனம்."

"தினம் ரெண்டு வேளை தேச்சா என் தலையே மொட்டையாயிடும் சார்."

"உன் தலைக்கும் அறிவியலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அந்தப் பெண்மணி வாக்குவாதத்தை அத்தோடு விட்டார். முன்வரிசையில் ஒரு கால், பின்வரிசையில் ஒரு கால் என்று உடைத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். மூலையில் ஒரு கண்ணாடிக் குடுவை உண்டு. எங்கும் கிடைக்கிற வண்டு, எதற்கும் உதவாது என்று பேராசிரியர் முப்பது ஆண்டுகளாகத் தூக்கிப்போட்டு வந்தவை அதில் கிடந்தன. மேலே அவர் கையெழுத்தில் 'சாதா' என்று ஒட்டியிருந்தது. அதிலிருந்தும் ஒரு பிடி கால்கள் போயின.

நேற்று முடிவு வந்தது. முன்வரிசையும் பின்வரிசையும் ஒரே இனம். குடுவைக்குள் இருந்ததோ, அச்சில் வார்த்ததுபோல் ஒரே சாயலில் மூன்று இனங்கள். மூன்றுக்கும் இதுவரை யாரும் பெயரே வைத்ததில்லை.

"ஒண்ணு போனா மூணு வருதே சார்! மொத்தம் நூத்திரெண்டு!"

பேராசிரியர் குடுவையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். நூற்றிரண்டு நல்ல எண்தான். ஆனால் அதைக் கண்டது அவர் கண்ணல்லவே.

"அது சாதாம்மா. என் கையால எழுதி ஒட்டியிருக்கேன் பாரு. மரபணுவுக்குக் கண்ணா இருக்கு?"

இன்று காலை பத்திரிகையிலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. புது இனம் என்று ஏற்க ஏழு வண்டுகள் போதா. முடியில்லாத வண்டுகள் குறைந்தது இன்னும் ஏழு வேண்டும். இரண்டு வாரம் அவகாசம்.

"வேற மொட்டை ஒண்ணுகூட இல்லையே சார்" என்றார் சாவிக்காரப் பெண்மணி. குரலில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

"தேடினா கிடைக்கும்மா. ஒளிஞ்சுதான் இருக்கும்."

பேராசிரியர் கண்ணாடி மூடியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார். இழுப்பறையை இரு கைகளாலும் தூக்கி, பின்வரிசை தன் தொந்திப் பக்கம் வரும்படி திருப்பி வைத்தார். மூன்று முறை ஊதினார். பிறகு சட்டைப்பையிலிருந்து தூரிகையை எடுத்தார்.