ரிம்மில் ஏறாத டயர்

1. ஞாயிறு. பெரம்பலூரில் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது சைக்கிளுக்குப் புது டயர் வாங்கினேன். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினேன். "என்னம்மா, பஸ்ஸுக்கு ஸ்டெப்னியா?" என்றார் கண்டக்டர்.

2. திங்கள். தெருமுனை சைக்கிள் கடையில் மாட்டக் கொடுத்தேன். கடைக்காரர் இரண்டு கம்பிகளால் நெம்பி ஏற்றினார். காற்று நிற்கவில்லை. கம்பி ட்யூபைக் கடித்திருந்தது. ஒட்டுப் போட்டு மறுபடி ஏற்றினார். வேறு இடத்தில் கடித்தது.

3. செவ்வாய். கம்பிக்குப் பதில் பெரிய ஸ்பானர். வியர்த்ததுதான் மிச்சம். "பெரம்பலூர் டயர் அரியலூர் ரிம்முல ஏறாது பாப்பா" என்று சொல்லி, சக்கரம், டயர், ஒட்டுப் போட்ட ட்யூப் மூன்றையும் தனித்தனியாகக் கையில் கொடுத்தார். கடையைப் பூட்டிவிட்டு மச்சான் கல்யாணத்துக்குச் செந்துறை போனார்.

4. புதன், காலை ஆறு மணி. சக்கரம் என் அறைக்கு வெளியே தரையில் கிடந்தது. பத்து மணிக்குள் நான் விக்கிரமங்கலத்தைத் தாண்டி இருக்க வேண்டும்.

அந்தப் பத்து மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவில் டிப்ளமோ முடித்து, கிணறுகளின் நீர்மட்டத்தைக் கணக்கெடுக்கும் அலுவலகம் ஒன்றில் தற்காலிக வேலையில் இருந்தேன். முதல் வருடம் முழுக்க மேசை வேலை. மற்றவர்கள் அளந்து வந்த எண்களை வரைபடத்தாளில் புள்ளியாக வைத்துக் கோடு இழுப்பேன். ஒரு கிணற்றைக்கூட எட்டிப் பார்த்ததில்லை. கேட்டுக் கேட்டு, கடைசியில் விக்கிரமங்கலம் வழியில் உள்ள பன்னிரண்டு கிணறுகளை மூன்று மாதச் சோதனையாக எனக்குக் கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: குறித்த நாளில், மோட்டார் ஓடித் தண்ணீர் இறங்குவதற்கு முன்னால் அளவு எடுக்க வேண்டும். தவறினால் வழி மறுபடி அலுவலக ஜீப்புக்கு, நான் மறுபடி மேசைக்கு. வயல் மோட்டார்களுக்குப் பத்து மணிக்குக் கரண்ட் வரும். அந்தப் புதன்கிழமை மூன்று கிணறுகள். மூன்றும் பஸ் போகாத வண்டிப்பாதையில்.

டயரின் ஒரு ஓரம் சுலபமாக ரிம்முக்குள் போய்விட்டது. ட்யூபையும் உள்ளே வைத்தேன். இரண்டாவது ஓரம் முக்கால்வாசி தூரம் நல்லபடியாக ஏறி, கடைசி ஒரு சாணில் நின்றுகொண்டது. டயர் ஓரத்துக்குள் ஓடும் கம்பி விறைத்து, கட்டைவிரலால் அழுத்த அழுத்த, அந்தப் பக்கம் ஏறினால் இந்தப் பக்கம் கழன்றது. நெம்புகம்பியைத் தொடக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். இன்னொரு கடி விழுந்தால் ட்யூபில் ஒட்டுப் போட இடமில்லை.

அறையில் என்னோடு தங்கியிருந்த அக்கா, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு ட்யூட்டி முடிந்து அப்போதுதான் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

"ஏண்டி, காலங்காத்தால சக்கரத்தோட குஸ்தி போடுற?"

"ஏற மாட்டேங்குதுக்கா. டயர் சின்னது போல."

"அளந்து பாத்தியா? எதையெடுத்தாலும் அளக்குறவதானே நீ."

அளந்திருந்தேன். பழைய டயரும் புது டயரும் ஒரே அளவு. அதுதான் எனக்குப் புரியவில்லை. அக்கா குந்தி உட்கார்ந்து, டயரின் ஓரத்தை விலக்கி உள்ளே விரலை விட்டார்.

"இது என்னடி கறுப்பா, தடியா?"

"பழைய ட்யூப வெட்டி ரிம்மச் சுத்தி வச்சிருக்கேன். ஸ்போக் முனை குத்தாம இருக்க."

"எத்தன சுத்து?"

"மூணு."

"மாவுக்கட்டு மாதிரில்ல இருக்கு! கால்ல இவ்ளோ தடியா கட்டப் போட்டுட்டு, செருப்பு நுழையலன்னு செருப்புக்காரன வையுவியா?"

எங்கள் பக்கத்தில் சைக்கிள் வைத்திருக்கும் எல்லோருக்கும் முள் பயம் உண்டு. பாதையெங்கும் கருவேல முள். அதனால் பழைய ட்யூபை யாரும் தூக்கிப் போடுவதில்லை. நீளவாக்கில் வெட்டி டயருக்குள் ஒரு பட்டை விரிப்பார்கள். மீந்ததை ரிம்மைச் சுற்றி ஒரு சுற்று விடுவார்கள். ஒரு சுற்று நல்லது என்றால் மூன்று சுற்று இன்னும் நல்லது என்று கணக்குப் போட்டது நான். முள் வெளியிலிருந்து வரும், ஸ்போக் உள்ளிருந்து வரும், இரண்டையும் அடைத்தால் பஞ்சருக்கு வழியில்லை என்று நோட்டிலேயே எழுதி வைத்திருந்தேன். கடைக்காரர் பட்டையை எடுக்கட்டுமா என்று கேட்டபோதுகூட, "அத மட்டும் தொடாதீங்க" என்று சொன்னதும் நான்தான். பழைய டயர் தேய்ந்து தளர்ந்து இருந்ததால் அந்தப் பட்டையைப் பொறுத்துக்கொண்டது. புதியது பொறுக்கவில்லை.

ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. டயரின் ஓரம் அந்தப் பள்ளத்தில் இறங்கினால்தான் எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் தளர்ச்சி கிடைக்கும். அந்தப் பள்ளத்தைத்தான் நான் மூன்று சுற்று ரப்பரால் தூர்த்து வைத்திருந்தேன். விஷயம் புரிந்ததும் சிரிப்பு வரவில்லை. மணியைப் பார்த்தேன். ஆறு நாற்பது.

எல்லாவற்றையும் கழற்றினேன். ரப்பர் பட்டைகளை உரித்து எறிந்தேன். ஸ்போக் முனைகளை வெறுமனே விடவும் முடியாது. அக்கா உள்ளே போய், புண்ணுக்குக் கட்டுப் போடும் துணிப் பிளாஸ்டர் சுருள் ஒன்றைக் கொண்டுவந்தார். "ஒரே ஒரு சுத்து. பேஷண்ட்டு பொழச்சுக்கும்." ஒரே ஒரு சுற்று ஒட்டினேன். வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, இரண்டு உள்ளங்கைகளாலும் ஓரத்தைப் பள்ளத்துக்குள் தள்ளித் தள்ளி, இரு பக்கமாக வால்வை நோக்கி வந்தேன். கழன்று வராமல் அக்கா எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்திக்கொண்டார். கடைசிச் சாணில் வால்வை உள்ளே ஒரு தள்ளுத் தள்ளி, கட்டைவிரல்களால் அழுத்தினேன். டப் என்று உட்கார்ந்தது. கம்பி இல்லை, ஸ்பானர் இல்லை.

"பாத்தியா, பெரம்பலூர் மாப்பிள்ள வந்துட்டாரு" என்றார் அக்கா. நீள மூச்சு விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

காற்றடித்து, சக்கரத்தைப் பூட்டி, கிளம்பும்போது மணி ஏழேகால். வழக்கமாகக் கிளம்பும் நேரத்தைவிட ஒரு மணி நேரம் தாமதம். முதல் கிணற்றில் எட்டரைக்கு இருந்தேன். இரும்பு நாடாவில் சாக்பீஸ் தேய்த்து இறக்கினால், நனைந்த இடத்தில் நிறம் மாறியிருக்கும். அதைப் படித்து எழுத வேண்டும். எழுதினேன். இரண்டாவது கிணறு ஒன்பதேகால். எழுதினேன். மூன்றாவது கிணற்றுக்குப் போகும் பாதையில் இருக்கும்போதே மோட்டார் சத்தம் கேட்டது. மணி பத்து பத்து.

கிணற்றுக்கார அம்மா வாய்க்கால் ஓரத்தில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். "கரண்ட் வந்து பத்து நிமிசம் ஆச்சு பாப்பா. என்ன இன்னைக்கி இவ்ளோ நேரம்?"

"டயர் மாட்டுறதுல நேரமாயிட்டுங்க."

"அதுக்கு ஏன் மூஞ்சத் தொங்கப் போடுற? போன மாசம் எழுதினதுலேர்ந்து ஒரு சாண் கொறச்சு எழுதிக்க. கெணறு ஆபீசுக்கு வந்து சாட்சி சொல்லவா போவுது?"

ஒரு வருடம் புள்ளி வைத்துக் கோடு இழுத்தவள் நான். யாராவது ஒருவர் சாண் கணக்கில் குறைத்து எழுதிய புள்ளியையும் அந்தக் கோட்டில் சேர்த்திருப்பேன், எது என்று தெரியாமலே. அந்தம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, நோட்டில் எழுதினேன்: மோட்டார் ஓடுகிறது. அளவு இல்லை.

மத்தியானம் அலுவலகத்தில் பொறியாளர் நோட்டைப் பார்த்தார். அந்த வரியில் விரலை வைத்தார்.

"என்னம்மா இது?"

"லேட்டாயிட்டு சார். சைக்கிள் டயர் ஏறல. தப்பு என்னோடதுதான்."

"டயரா?" அலமாரியிலிருந்து இந்த வழியின் பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினார். "நாலு வருசத்துல இந்த வழியில 'அளவு இல்லை'ன்னு ஒருத்தரும் எழுதினதில்ல. ஜீப்பு ஒருநாள்கூட லேட்டாகல போலருக்கு." அவர் சிரித்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நிபந்தனை நிபந்தனைதான் என்றார். ஆனால் முழு வழியையும் பிடுங்காமல், அந்தக் கிணற்றை மட்டும் என் பட்டியலிலிருந்து அடித்தார்.

இப்போது நிலைமை இது. என் வழியில் பதினொரு கிணறுகள். விக்கிரமங்கலத்துக்கு அப்பால் உள்ள அந்த ஒன்றை ஜீப் பார்க்கிறது. சோதனைக் காலத்தில் இன்னும் ஒரு மாதம் பாக்கி. புது டயர் போட்ட பிறகு ஒரு தடவை பஞ்சர் ஆகியிருக்கிறது. கருவேல முள்தான்.